இருண்ட காலமும் ஒலிவ முடியும்

பண்டைக் கிரேக்க நாடு என்றதும் கற்றோர் நினைவில் முதற்கண் தோன்றுவன ஏதென்ஸ் நகரின் பளிங்குக் கோயில்களும், சாக்ரட்டீஸ், பிளேட்டோ முதலியோரின் உரையாடல்களும், ஒலிம்பியாவின் ஓட்டப் பந்தயங்களுமே. இவை யாவும் கி.மு. 8-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னரும் மலர்ந்தவை. ஆயின் அதற்கு நானூறு ஆண்டுகட்கு முன்னரே கிரேக்கர் ஒரு பெருநாகரிகத்தைக் கட்டியெழுப்பினர். பின்னர் அதனை அடியோடு இழந்தும் விட்டனர். அவ்விழப்போடு எழுதும் கலையும் அவர்களை விட்டு நீங்கியது. எழுத்தறிந்திருந்த மக்கள் எழுத்தையே மறந்து, பல தலைமுறைகள் கழிந்தபின் வேற்றினத்தாரிடம் அரிச்சுவடி தொடங்கிப் பயின்றது உலக வரலாற்றில் அரிதாகவே காணப்படும் செய்தியாகும். வீழ்ந்தவர் மீண்டும் எழுந்தபோது பழைய அரண்மனைகளைக் கட்ட முற்படவில்லை. கோயில் முற்றங்களையும் ஓடுகளங்களையும் அமைத்தனர். அரண்மனை இருந்த இடத்தை ஆடுகளம் எவ்வாறு பிடித்தது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

களிமண் ஏடுகள்

கி.மு. 1600 முதல் 1200 வரையில் கிரேக்கத் தென்பகுதியில் மைசீனே, திரின்ஸ், பைலோஸ் ஆகிய இடங்களிலும், வடக்கே தீப்ஸிலும் வலிய அரசர்கள் கோட்டை கட்டி ஆண்டனர். 1876-ஆம் ஆண்டில் ஹைன்ரிக் ஷ்லீமான் என்னும் ஜெர்மானியர் மைசீனேயை அகழ்ந்து பொன் முகமூடிகளையும் பொற்கலங்களையும் வெளிப்படுத்தியபோது உலகமே வியந்தது. ஆயினும் வரலாற்றறிஞர்க்குப் பொன்னினும் பயன்பட்டது களிமண்தான். 1900-இல் ஆர்தர் எவன்ஸ் கிரீட்டுத் தீவின் நோசஸிலும், 1939-இல் கார்ல் பிளேகன் பைலோஸிலும் எழுத்துப் பொறித்த களிமண் ஏடுகளைக் கண்டெடுத்தனர். அவ்வெழுத்து இன்னதென்று நெடுங்காலம் எவர்க்கும் விளங்கவில்லை. அம்மொழி கிரேக்கம் ஆகாது என்று எவன்ஸ் இறுதிவரை நம்பியிருந்தார். 1952-ஆம் ஆண்டில் மைக்கேல் வெண்ட்ரிஸ் அப்புதிரை அவிழ்த்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. கட்டடக் கலை பயின்றவரேயன்றி மொழிநூற் பேராசிரியர் அல்லர். ஏடுகளில் இருந்தது கிரேக்க மொழியே என அவர் காட்டினார்.

அவ்வேடுகளில் காவியமோ சட்டமோ கதையோ ஒன்றும் இல்லை. இத்தனை ஆடுகள், இத்தனை சாடி எண்ணெய், இன்ன ஊரில் நெசவு செய்யும் பெண்கள் இத்தனை பேர், அவர்க்கு அளக்க வேண்டிய கோதுமையும் அத்திப்பழமும் இவ்வளவு, கொல்லர்க்குக் கொடுத்த வெண்கலம் இவ்வளவு என்று கணக்கே கணக்காக நிரம்பியுள்ளன. தோட்டத்துக் கிராணியின் பேரேட்டைப் பார்த்தவர்க்கு இந்த ஏடுகள் புதியனவாகத் தோன்றமாட்டா. எழுத்து என்பது அரண்மனைக் கணக்கர் சிலரின் தொழிற்கருவியாக மட்டுமே இருந்தது. உழவனும் குயவனும் படகோட்டியும் அதனைக் கற்கவில்லை. கற்க வேண்டிய தேவையும் அவர்க்கு இருக்கவில்லை. பின்னே நேர்ந்த இழப்பை விளக்குவதற்கு இவ்வொரு செய்தி இன்றியமையாதது.

ஏடுகளில் அரசனைக் குறிக்கும் சொல் 'வனக்ஸ்' என்பது. ஊர்ப்புறத்தில் ஒரு குழுவினர்க்கோ கொல்லர் கூட்டத்துக்கோ தலைவனாயிருந்த சிற்றதிகாரிக்குக் 'குவசிலெயுஸ்' என்று பெயர். பிற்காலக் கிரேக்கத்தில் இப்பிந்திய சொல்லே 'பசிலெயுஸ்' எனத் திரிந்து, அரசன் என்னும் பொருளைப் பெற்றுவிட்டது! வனக்ஸ் என்பதோ கடவுளரையும் காவிய வீரரையும் குறிக்கும் பழஞ்சொல்லாக ஒதுங்கியது. மாமன்னர் மறைந்து ஊர்த்தலைவர் எஞ்சினர் என்பதை இவ்விரு சொற்களின் வரலாறே காட்டிவிடுகின்றது. நோசஸ் ஏடொன்றில் 'இயவொனெஸ்' என்று படிக்கத்தக்க ஒரு சொல்லும் உண்டு. அயோனியர் எனப்பட்ட கிரேக்கப் பிரிவினரின் பெயர் அது. இடையிலுள்ள வகர ஒலியைப் பிற்காலக் கிரேக்கர் இழந்துவிட்டனர். பாரசீகர் 'யவுன' என்றும் வடமொழியாளர் 'யவன' என்றும் வழங்கிய அப்பெயரே, தமிழில் 'யவனர்' என்று நிலைத்தது.

வீழ்ச்சி

கி.மு. 1200-ஐ ஒட்டிய சில பத்தாண்டுகளில் இவ்வரண்மனைகள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. பைலோஸ் அரண்மனை கி.மு. 1180 அளவில் எரிந்தது. அதன் இறுதி நாட்களில் எழுதப்பட்ட ஏடுகளில், கடற்கரையைக் காப்பதற்கு ஏறத்தாழ 800 பேர் பிரித்தனுப்பப்பட்ட செய்தி காணப்படுகின்றது. இது வழக்கமான காவலா, வரவிருந்த இடரை அறிந்து செய்த ஏற்பாடா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அந்த ஏடுகள் சூளையில் சுடப்பட்டவை அல்ல. ஆண்டுதோறும் கலைத்துவிடத்தக்க பச்சைக் களிமண் பலகைகளே. அரண்மனையை எரித்த தீயே அவற்றைச் சுட்டுக் கெட்டியாக்கி, மூவாயிரம் ஆண்டுகட்கும் மேலாகக் காத்து வைத்தது.

வீழ்ந்தது கிரேக்கம் மட்டுமன்று. சின்ன ஆசியாவில் இட்டைட்டுப் பேரரசு சிதறியது. சிரியாக் கரையில் செழித்திருந்த உகரித் நகரம் கி.மு. 1185 அளவில் அழிந்து மீளவேயில்லை. பகைவரின் ஏழு கப்பல்கள் வந்து பெருந்தீங்கு விளைத்ததையும், தன் படையும் கப்பல்களும் வேற்றிடங்களில் இருத்தலையும் சொல்லி அதன் அரசன் எழுதிய மடல் கிடைத்துள்ளது. எகிப்து மன்னன் மூன்றாம் ராம்சேஸ், கடல்வழியும் தரைவழியும் வந்த கூட்டத்தாரைத் தன் 8-ஆம் ஆட்சியாண்டில் முறியடித்ததாகக் கோயிற் சுவரில் பொறித்து வைத்தான்.

இத்துணைப் பேரழிவுக்குக் காரணம் யாது? வடக்கிலிருந்து டோரியர் என்னும் கிரேக்கப் பிரிவினர் படையெடுத்து வந்து அழித்தனர் என்று பழைய பாடநூல்கள் ஒரே வரியில் கூறி முடித்தன. அப்படையெடுப்புக்கு அகழாய்வில் உறுதியான சான்று கிடைக்காமையால், இன்றைய அறிஞர் பலர் அதனை அவ்வாறே ஏற்பதில்லை. நெடிய வறட்சி, நிலநடுக்கம், உள்நாட்டுக் கலகம், கடற்கொள்ளை, வெண்கலத்துக்கு வேண்டிய செம்பும் வெள்ளீயமும் கொண்டுவந்த கடல் வாணிகத்தின் முறிவு எனப் பல காரணங்கள் எடுத்துக் காட்டப்படுகின்றன. எது முதல், எது முடிவு என்று பிரித்தல் எளிதன்று. எல்லாவற்றையும் ஒரே இடத்திற்குத் திரட்டி, ஒரே இடத்திலிருந்து அளந்து கொடுத்த ஓர் ஆட்சியமைப்பில் நடுத்தூண் சாய்ந்தால் கூரை முழுவதும் சாய்வது இயல்பே.

கணக்கெழுத ஆடும் இல்லை, அரண்மனையும் இல்லை என்றானபின் கணக்கர்க்கு என்ன வேலை? எழுத்து ஒரு சிலர் கையில் மட்டும் இருந்தமையால் அச்சிலரோடு அதுவும் மறைந்தது. சைப்ரஸ் தீவில் மட்டும் வேறொரு வகை அசையெழுத்து தொடர்ந்து வழங்கியது. தாய்நிலத்தில் முந்நூறு ஆண்டுகட்கு மேல் எழுத்தே இல்லை.

இருளினூடே

கி.மு. 1100 முதல் 800 வரையுள்ள காலத்தை 'இருண்ட காலம்' என்று வழங்கினர். ஊர்கள் சுருங்கின, பல கைவிடப்பட்டன. பைலோஸ் இருந்த மெசேனிய நாட்டில் மக்கள் வாழ்ந்த இடங்கள் மிகக் குறைந்துபோயின. கல்லாற் கட்டுதல், சுவரோவியம், தந்தச் செதுக்கு முதலிய கலைகள் அருகின. ஆயினும் அந்த இருளில் ஒரு பகுதி வாழ்ந்தோரின் இருள் அன்று. பிற்காலத்தார் அறிவின் இருள். எழுத்தில்லாத காலத்தைப் பற்றி எழுத்தில் ஒன்றும் கிடைக்காதது வியப்பன்று. கி.மு. 1050-ஐ அடுத்து இரும்பைக் காய்ச்சி அடித்து வாளும் கத்தியும் செய்யும் தொழில் பரவியது. வெள்ளீயம் தொலைநாட்டிலிருந்து வரவேண்டியது. இரும்புக் கல்லோ பல இடங்களில் உள்ளூரிலேயே கிடைத்தது. வட்டுக்கருவி கொண்டு சீராக வளையம் தீட்டிய மட்கலங்களும் அக்காலத்திலேயே ஏதென்ஸில் தோன்றின.

இருள் என்ற சொல்லைப் பெரிதும் தளர்த்தியது யூபோயாத் தீவிலுள்ள லெவ்கண்டி என்னும் இடத்தில் கிடைத்த கண்டுபிடிப்பாகும். அங்கு 1981-ஆம் ஆண்டில் கி.மு. 950 அளவினதான ஒரு பெருங்கட்டடத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. நீளம் ஏறத்தாழ 50 மீட்டர். அகலம் ஏறத்தாழ 14 மீட்டர். அதன் நடுவே குழியில் ஓர் ஆணின் எரித்த எலும்புகள், சைப்ரஸில் செய்த பழைய வெண்கலச் சாடியொன்றில் துணியிற் பொதிந்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் இரும்பு வாளும் ஈட்டிமுனையும் இருந்தன. அருகே பொன்னணி பூண்ட ஒரு பெண் புதைக்கப்பட்டிருந்தாள். அவள் தலைமாட்டில் ஒரு கத்தி கிடந்தமையால், தலைவனோடு அவளும் பலியிடப்பட்டாளோ என்ற ஐயம் அறிஞர்க்கு உண்டு. மற்றொரு குழியில் நான்கு குதிரைகள். இத்தனையையும் வைத்தபின் கட்டடத்தையே இடித்து, அதன்மேல் மண்ணைக் குவித்து மேடாக்கிவிட்டனர்.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அரும்பாடுபட்டுக் கடல்கடந்து கொணர்ந்த செல்வம் அனைத்தும் ஒரு தலைவனோடு மண்ணுக்குள் போயிற்று. அவன் பெருமையை ஊரார் ஒரு நாள் கண்டனர். மறுநாள் மண்மேடு மட்டுமே எஞ்சியது. இருண்ட காலத்தில் பெருமையைக் காட்டுதற்கு ஏற்ற இடம் இடுகாடாகவே இருந்தது. விளையாட்டுப் போட்டியும் அவ்விடுகாட்டு வழக்கத்தோடு சேர்ந்தே வளர்ந்தது எனக் கிரேக்க மரபு கூறுகின்றது.

படையலாக வைத்த வெண்கலம்

கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் நிலைமை விரைந்து மாறியது. ஊர்கள் பெருகின. நிலம் போதாதவரும் வாணிகம் விரும்பியவரும் கடல் கடந்தனர். யூபோயாத் தீவினர் இத்தாலிக்கு அருகில் பித்தெகூசை என்னும் தீவில் குடியேறினர். கொரிந்தியர் சிசிலியில் சிரக்கூஸ் நகரை கி.மு. 733 அளவில் நிறுவினர். பினிசிய வணிகரோடு பழகியதன் பயனாக எழுத்து மீண்டும் வந்தது. பினிசியர் எழுத்து 22, அனைத்தும் மெய்யொலிகளே. கிரேக்கர் தம் நாவில் வழங்காத ஒலிகளுக்குரிய எழுத்துகளை எடுத்து அ, எ, இ, ஒ முதலிய உயிர்களுக்கு ஆக்கிக்கொண்டனர். ஆல்ஃபா, பீட்டா என்ற பெயர்களுக்குக் கிரேக்க மொழியில் பொருளில்லை. பினிசிய மொழியில் அவை எருதையும் வீட்டையும் குறிப்பன. கடன் வாங்கிய சுவடு பெயரிலேயே நிற்கின்றது. முன்னைய எண்பதுக்கு மேற்பட்ட அசைக்குறிகளை அரண்மனைக் கணக்கர் மட்டுமே கற்றனர். இருபத்து சொச்சம் எழுத்துகளை எவரும் கற்கலாம், கற்றனர்.

அவ்வாறு கற்றவர் முதன்முதல் எழுதியது யாது? ஏதென்ஸின் திப்பிலான் இடுகாட்டில் 1871-இல் கிடைத்த மதுக்குடம் ஒன்றின் தோளில் வலமிருந்து இடமாக ஒரு வாசகம் கீறப்பட்டுள்ளது. காலம் கி.மு. 740 அளவு. இன்றுவரை கிடைத்த மிகப் பழைய கிரேக்க நெடுங்கணக்கு எழுத்துகளுள் அதுவும் ஒன்று. ஆடுவோருள் எவன் மிக நயமாக ஆடுகின்றானோ அவனுக்கே அக்குடம் உரியது என்பது அதன் கருத்து. ஆட்டுக் கணக்கு அன்று, அரசன் ஆணையும் அன்று; ஒரு போட்டியின் பரிசுக் குறிப்பு! பழைய எழுத்து அரண்மனைக் கிடங்கில் பிறந்தது. புதிய எழுத்து கொண்டாட்டத்தின் நடுவே முதற் குரல் கொடுக்கின்றது.

அக்காலப் போட்டிகள் எவ்வாறு நடந்தன என்பதை ஹோமரின் இலியத் காட்டும். அதன் 23-ஆம் காண்டத்தில், மாண்ட நண்பன் பத்ரோக்ளஸுக்காக அக்கிலெஸ் ஈம விளையாட்டு நடத்துகின்றான். தேரோட்டம், குத்துச்சண்டை, மற்போர், ஓட்டம், படைக்கலப் போர், இரும்புக் கட்டி எறிதல், வில், ஈட்டி என எட்டுப் போட்டிகள். எறியும் கட்டியே எறிந்தவனுக்குப் பரிசு. ஐந்தாண்டுக்கு ஓர் உழவனின் இரும்புத் தேவை அதனால் தீரும் என்று கூறப்படுகின்றது. இரும்பின் அருமை அத்தகையது. ஓட்டத்தில் முந்திச் சென்ற இளைய அயாக்ஸ் எருதுச் சாணத்தில் வழுக்கி வாய் நிறையச் சாணத்தோடு எழுகின்றான், கண்டோர் சிரிக்கின்றனர். காவியப் புலவர்க்கும் இத்தகைய காட்சியில் சுவை இருந்தது!

சிரிப்பினும் சிந்தனைக்குரியது அங்கு எழும் வழக்கு. தேரோட்டத்தில் வல்லவனாகிய யூமெலஸ் தேர் முறிந்து கடைசியாக வருகின்றான். அவனே சிறந்த தேரோட்டி என்பதால் இரண்டாம் பரிசை அவனுக்கே கொடுக்கலாம் என்கின்றான் அக்கிலெஸ். உண்மையில் இரண்டாவதாக வந்த அந்திலோக்கஸ் என்னும் இளைஞன் துள்ளி எழுந்து, தன் பரிசை எவர்க்கும் விடமாட்டேன், வேண்டுமென்றால் கைக்கு வலிமையுள்ளவன் வந்து வாங்கட்டும் என்று மறுக்கின்றான். இறுதியில் ஈட்டி எறிதல் வரும்போது அகமெம்னான் மன்னன் எழுகின்றான். அவன் எறியவே இல்லை. மிகச் சிறந்தவன் நீயே என்பது யாவர்க்கும் தெரியும் என்று கூறி, முதற்பரிசாகிய கொப்பரையை அக்கிலெஸ் அவனுக்கு அளித்துவிடுகின்றான். ஆடாமலே பரிசு பெறும் மன்னன் ஒருபுறம், ஓடிப் பெற்றதை விடமறுக்கும் இளைஞன் மறுபுறம். பிறப்பும் பதவியும் தரவரிசையை முடிவு செய்யுமா, களத்தின் முடிவே முடிவா? இக்கேள்வி அக்காலத்தே தீராதிருந்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

ஈம விளையாட்டிலிருந்து கோயில் விழாவுக்குச் சென்ற பாதையைக் காட்டும் சிறிய செய்தி ஒன்று கவி ஹெசியோதின் நூலில் உள்ளது. கி.மு. 700-ஐ ஒட்டி வாழ்ந்த அவர், யூபோயாவின் கால்கிஸ் நகரில் அம்பிதமஸ் என்னும் தலைவனின் ஈம விளையாட்டுக்குச் சென்றார். பாட்டுப் போட்டியில் வென்று கைப்பிடி வைத்த முக்காலிக் கொப்பரை ஒன்றைப் பரிசாகப் பெற்றார். அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல், தமக்குப் பாட்டுக் கற்பித்த ஹெலிகான் மலைக் கலைத் தேவியர்க்குப் படைத்துவிட்டார். இறந்தவன் பொருட்டு வந்த வெண்கலம் கோயிலைச் சேர்ந்தது. லெவ்கண்டியும் அதே தீவில் உள்ளதுதான். இருநூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னர் அங்கு வெண்கலம் குழிக்குள் சென்றது.

ஹெசியோத் ஒருவர் செய்ததைக் கிரேக்க நாடு முழுவதும் செய்தது என அகழாய்வு கூறுகின்றது. 8-ஆம் நூற்றாண்டில் பல பகுதிகளில் கல்லறைகளில் வைக்கும் உலோகப் பொருள்கள் குறைய, கோயில்களில் படைக்கும் உலோகப் பொருள்கள் பன்மடங்கு பெருகின. மண்ணுக்குள் மறையும் பெருமையை விட, ஆண்டுதோறும் வருவோர் போவோர் கண்டு பேசும் பெருமையே உயர்ந்தது என்று செல்வர் கருதத் தொடங்கினர். ஊர் என்பது தலைவனின் குடியிருப்பு என்ற நிலை மாறி, 'போலிஸ்' எனப்படும் குடிமக்கள் நகராக உருவாகிய காலமும் அதுவே.

ஒலிம்பியா

இம்மாற்றத்தால் மிகுந்த பயன் பெற்ற இடம் ஒலிம்பியா. அஃது ஒரு நகரமன்று. மேற்குப் பெலொப்பனீசில் அல்பேயஸ், கிளாதேயஸ் என்னும் இரு ஆறுகள் கூடும் சோலையில் அமைந்த சேயுஸ் கடவுளின் திருவிடம். எந்தப் பெருநகருக்கும் சொந்தமல்லாமையே அதன் பெருமைக்குக் காரணமாயிற்று. 1875-இல் தொடங்கிய ஜெர்மானிய அகழாய்வில் சாம்பலும் எலும்பும் கலந்த கரிய மண்ணடுக்கிலிருந்து குதிரை, எருது வடிவிலான ஆயிரக்கணக்கான சிறு படிமங்களும், முக்காலிக் கொப்பரைகளும் கிடைத்தன. அங்கு வழிபாடு கி.மு. 11-ஆம், 10-ஆம் நூற்றாண்டுகளிலேயே தொடங்கிவிட்டது. பெலோப்ஸ் என்னும் பழந்தலைவனின் நினைவு மேடும் அச்சோலையினுள் இருந்தது. இஸ்த்மியா, நெமெயா ஆகிய இடங்களின் விளையாட்டுகளும் இறந்துபட்ட சிறுவர் நினைவாகத் தோன்றியவை என்பது மரபு. ஈமத்தின் நிழல் அங்கெல்லாம் நீங்கவில்லை.

முதல் ஒலிம்பிக் விளையாட்டு கி.மு. 776-இல் நடந்தது என்று எல்லாப் பாடநூலும் கூறும். அவ்வாண்டில் எலிஸ் நாட்டுக் கொரோய்பஸ் ஓட்டத்தில் வென்றான்; அவன் ஒரு சமையற்காரன் என்றும் ஒரு பழைய குறிப்புண்டு. ஆயின் இவ்வாண்டைக் கணக்கிட்டவர் எலிஸ் நாட்டு ஹிப்பியஸ் என்னும் சோபிஸ்ட் அறிஞர். அவர் வென்றோர் பட்டியலைத் தொகுத்தது கி.மு. 400 அளவில். முந்நூற்றெழுபது ஆண்டுகட்குப்பின் எந்த ஆதாரங்கொண்டு அவர் தொகுத்தார் என்ற ஐயம் இன்று தோன்றியதன்று; பண்டைய நூலாசிரியர் புளூட்டார்க்கே அதனை எழுப்பியுள்ளார். விழாவுக்கு வருவோர்க்கென ஓடுகளத்தருகே தோண்டிய கிணறுகள் கி.மு. 700-ஐ ஒட்டியே பெருகுகின்றன. ஆதலின் பந்தயங்கள் அக்காலத்தேதான் பெரிய அளவில் தொடங்கின என்று அகழாய்வாளர் சிலர் கருதுவர். பட்டியலைப் பார்த்தாலும் தொடக்கத்தில் வென்றோர் பெரும்பாலும் எலிஸ், மெசேனியா முதலிய அண்டை நாட்டவரே. ஸ்பார்த்தா மெசேனியாவை அடிமைப்படுத்திய காலத்தை ஒட்டி மெசேனியர் பெயர்கள் அதில் நின்றுவிடுகின்றன. ஊர்த் திருவிழாவாக இருந்தது பையப்பைய நாட்டுத் திருவிழாவாயிற்று என்பதே பொருந்தும். கிரேக்க வகுப்பறைகளில் 776 என்ற எண்ணை உறுதியான பிறந்தநாளாகக் கற்பிப்பதினும், பிற்காலத்தார் இட்ட கணக்கு என்று கற்பித்தலே நேர்மையாகும்.

மரபுவழிப் பட்டியலின்படி முதலில் இருந்தது ஓர் ஓட்டம் மட்டுமே. களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ஒலிம்பியாவில் ஏறத்தாழ 192 மீட்டர். கி.மு. 724-இல் இருமடங்கு ஓட்டமும், 720-இல் நெடுந்தூர ஓட்டமும், 708-இல் மற்போரும் ஐவகைப் போட்டியும், 688-இல் குத்துச்சண்டையும், 680-இல் நாற்குதிரைத் தேரோட்டமும் சேர்ந்தன. 6-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தெல்பி, இஸ்த்மியா, நெமெயா ஆகிய மூன்று இடங்களின் விழாக்களும் ஒழுங்கு பெற்று, நான்கும் ஒரு சுற்றாக அமைந்தன.

இக்களங்களில் பரிசு மாறியது பெரும் மாற்றம். ஹோமரின் வீரர்க்குக் கொப்பரை, குதிரை, இரும்பு, அடிமைப் பெண் ஆகியன பரிசுகள். ஒலிம்பியாவில் காட்டு ஒலிவ மரத்தின் கிளை முடி, தெல்பியில் லாரல் இலை, நெமெயாவில் செலரி. பெருமை மட்டும் எஞ்சுமாறு பொருள் விலக்கப்பட்டது என்று இதனைப் போற்றுவாருண்டு. அது பாதி உண்மையே. வென்றவன் ஊர் திரும்பியபின் பொருள் வந்து சேர்ந்தது. ஏதென்ஸில் சோலோன் ஒலிம்பிக் வெற்றியாளனுக்கு 500 திராக்மா என விதித்ததாகப் புளூட்டார்க் எழுதுகின்றார். ஓர் ஆட்டின் விலை அப்போது ஒரு திராக்மா என்பதும் அவர் கூற்றே. ஐந்நூறு ஆடுகள் இலை முடியோடு வந்தன என்க.

அந்திலோக்கஸ் எழுப்பிய வழக்குக்குக் களம் ஒருவாறு விடை கண்டது. எலிஸ் நாட்டு நடுவர்க்குக் 'கிரேக்கர்க்கு நடுவர்' என்றே பெயர் வழங்கியது. விதி மீறியவனைப் பிரம்பால் அடிக்க அவர்க்கு உரிமை இருந்தது. பிற இடங்களில் அடி வாங்குவது அடிமையின் தலைவிதி. இங்கோ செல்வன் மகனும் குற்றம் செய்தால் முதுகைக் காட்டியாக வேண்டும். மாசிதோனிய மன்னர் குடியைச் சேர்ந்த முதலாம் அலெக்சாந்தர் ஓட வந்தபோது, நீ கிரேக்கன் அல்லை என்று மற்றவர் தடுத்தனர். தன் குலவழியை மெய்ப்பித்த பின்னரே அவன் ஓடினான் என ஹெரதோதஸ் எழுதுகின்றார். விழாக்காலத்தில் வழிப்போக்கர்க்கு ஊறு செய்யாமைக்கு ஓர் உடன்படிக்கையும் உண்டு. அது போர்களையெல்லாம் நிறுத்தியது என்பது மிகைக்கூற்று; விழாவுக்கு வருவோரைக் காத்தது, அவ்வளவே. அதனை மீறியதாகக் கி.மு. 420-இல் வலிமை மிக்க ஸ்பார்த்தாவையே விழாவினின்றும் விலக்கினர்.

இச்சமன்மைக்கு எல்லையும் இருந்தது. அடிமைகள் போட்டியிட முடியாது. மணமான பெண்கள் விழாவைப் பார்க்கவும் கூடாது. கன்னியர்க்கு ஹேரா தேவியின் பெயரால் தனி ஓட்டம் இருந்தது. தேரோட்டத்தில் முடி பெறுபவர் குதிரைக்கு உடையவரேயன்றி ஓட்டியவர் அல்லர். இவ்விதியால்தான் கி.மு. 396-இல் ஸ்பார்த்த அரசகுலப் பெண்ணாகிய கினிஸ்கா, களத்தில் கால் வைக்காமலே ஒலிம்பிக் வெற்றி பெற்றாள். பயிற்சிக்கு ஓய்வும் நல்லுணவும் வேண்டும். அவை உழைப்பாளிக்கு ஏது? ஒதீசி காவியத்தில் ஓர் இளைஞன் ஒதீசியஸைப் பார்த்து, உன்னைக் கண்டால் சரக்கைக் காக்கும் கப்பல் வணிகன் போல் இருக்கின்றாய், விளையாட்டு வீரனாகத் தோன்றவில்லை என்று ஏளனம் செய்கின்றான். உழைத்துப் பொருளீட்டுவோரைத் தாழ்வாக நோக்கும் அக்கண் பல நூற்றாண்டுகள் மாறவில்லை.

எதிர்க்குரலும் எழாமல் இல்லை. கொலோபோன் நகரத்துச் செனோபனீஸ் 6-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஓட்டத்திலும் மற்போரிலும் வென்றவர்க்கு முன்வரிசை இருக்கையும் பொதுச் செலவில் உணவும் தருவதைக் கடிந்தார். மனிதரின், குதிரைகளின் வலிமையைவிடத் தம் அறிவே மேலானது என்றும், வீரர் வெற்றியால் நகரின் ஆட்சி சீராகாது, களஞ்சியமும் நிறையாது என்றும் அவர் பாடினார். ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்கு அவர் மனக்குறை நன்கு விளங்கும்.

எனினும் அறிவுக்கும் ஆடுகளத்துக்கும் நேர்ந்த உறவு செனோபனீஸ் எண்ணியவாறு பகையாகவே நின்றுவிடவில்லை. கிரேக்கர் ஆடையின்றிப் பயிற்சி செய்தமையால் 'கிம்னோஸ்', அதாவது ஆடையற்ற, என்னும் சொல்லடியாகப் பயிற்சிக்களம் 'கிம்னாசியோன்' எனப்பட்டது. காலையில் இளைஞர் எண்ணெய் பூசி மற்போர் பழகிய அவ்விடத்து நிழலில் பெரியோர் அமர்ந்து பேசினர். பேச்சைக் கேட்க மற்றவர் கூடினர். ஏதென்ஸின் மதிலுக்கு வெளியே இருந்த அக்காதெமி என்னும் பயிற்சிக்களத்தருகே கி.மு. 387 அளவில் பிளேட்டோ தம் பள்ளியைத் தொடங்கினார். லைசியம் என்னும் மற்றொரு பயிற்சிக்களத்தில் கி.மு. 335-இல் அரிஸ்டாட்டில் கற்பிக்கலானார். 1996-ஆம் ஆண்டில் ஏதென்ஸில் ஓர் அருங்காட்சியகம் கட்ட நிலத்தைத் தோண்டியபோது லைசியத்தின் எச்சங்கள் வெளிப்பட்டன. அறிஞர் பெருமானின் பள்ளி இருந்த அவ்விடத்தில் மண்ணுக்கடியில் கிடைத்தது, நடுவே முற்றமும் சுற்றிலும் அறைகளும் குளிப்பிடமும் கொண்ட ஒரு மற்போர்க் கூடம்.